சமூகவியல் வகுப்பில் இணையக் காணொளிகள்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

தமிழ்வழியில் இளங்கலைச் சமூகவியல் பயிலும் மாணவர்களுக்கு அடிப்படைக் கருத்தாக்கங்களை விளக்குவதற்காக இணையக் காணொளிகளைப் பல பருவங்களாகத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். இத்தனை காலப் பயன்பாட்டில் எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: காணொளியை நமக்குப் பதிலாகப் பாடம் நடத்தவிட்டால் வகுப்பு சோர்ந்துவிடுகிறது, அதையே ஆராய வேண்டிய தரவாக மாணவர்முன் வைத்தால் வகுப்பு விழித்துக்கொள்கிறது. எந்தக் காணொளி சிறந்தது என்று சக ஆசிரியர்கள் கேட்கும்போதெல்லாம், எதைக் கண்டுபிடிப்பதற்காக அதை ஓடவிடப்போகிறீர்கள் என்றே நான் திருப்பிக் கேட்கிறேன்.

விளக்கவுரை வகைக் காணொளிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2017 இல் யூடியூபில் தொடங்கிய கிராஷ் கோர்ஸ் என்னும் ஆங்கிலச் சமூகவியல் தொடர் 44 பகுதிகள் கொண்டது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ பத்து நிமிடம். கட்டமைப்பு நேர்த்தியானது, கருத்துகள் தெளிவானவை. ஆனால் பேச்சின் வேகமும் அமெரிக்க எடுத்துக்காட்டுகளும் நம் மாணவர்களைப் பின்தங்கச் செய்கின்றன. வேகத்தை 0.75 ஆகக் குறைத்து, வகுப்பு முடிந்தபின் வீட்டில் மீள்பார்வைக்காகப் பார்க்கச் சொன்னால் பயன் உண்டு. அதே ஆண்டு ஜூலையில் இந்திய அரசு தொடங்கிய ஸ்வயம் என்னும் இணையவழிக் கல்வித் தளத்தின் விரிவுரைகள், மாணவரைக் காட்டிலும் பாடம் தயாரிக்கும் ஆசிரியருக்கே உதவுகின்றன என்பது என் மதிப்பீடு. அவற்றில் நான் கற்றது நிறைய. ஆனால் வகுப்பில் அவற்றை முழுமையாக ஓடவிடுவதில்லை.

கண்முன் நிகழும் ஒன்றைக் காட்டும் பழைய ஆய்வுப் பதிவுகள் வேறு வகை. 1961 இல் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய கீழ்ப்படிதல் ஆய்வின் படப்பதிவுத் துணுக்குகளை ஒவ்வோர் ஆண்டும் காட்டுகிறேன். 15 வோல்ட்டில் தொடங்கி 450 வோல்ட் வரை செல்லும், இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி தருவதாக நம்பவைக்கப்படும் 30 விசைகள்; அவற்றை ஒவ்வொன்றாக அழுத்தச் சொல்லும் ஆய்வாளர்; சுவருக்கு அப்பால் வலியில் கத்துவதாக நடிக்கும் ஒருவர்; அது நடிப்பென்று அறியாமல் வியர்த்து, நடுங்கிச் சிரித்து, மறுத்துப் பார்த்து, பிறகு மீண்டும் விசையைத் தொடும் சாதாரண மனிதர். எத்தனை பக்கம் எழுதினாலும் அந்த நடுக்கச் சிரிப்பை விளக்கிவிட முடியாது. காணொளியின் முழு வலிமையும் அங்கே தெரிகிறது.

ஆனால் அதைப் பார்த்து முடித்த மாணவர்கள் பெரும்பாலும், “இவர்கள் எவ்வளவு கொடுமைக்காரர்கள்!” என்றுதான் சொல்வார்கள். அதாவது காட்சி அவர்களைத் தனிமனிதரின் குணத்தை நோக்கி அழைத்துச் செல்கிறது. சமூகவியலோ சூழலின் அமைப்பை நோக்கி அழைக்கிறது. ஆகவே காணொளியை நிறுத்தியவுடன் கரும்பலகையில் சில எண்களை எழுதுகிறேன். அடிப்படை வடிவத்தில் 40 பேரில் 26 பேர், அதாவது 65 விழுக்காட்டினர், இறுதி விசைவரை சென்றார்கள். வலியில் துடிப்பவர் அதே அறையில் இருந்தபோது அது 40 விழுக்காடாகக் குறைந்தது; அவருடைய கையைப் பிடித்து மின்தகட்டின்மேல் வைக்க வேண்டியிருந்தபோது 30 விழுக்காடானது; ஆய்வாளர் அறையைவிட்டு வெளியேறித் தொலைபேசியில் கட்டளையிட்டபோது ஏறத்தாழ 20 விழுக்காடாகச் சரிந்தது. கலந்துகொண்டவர்கள் ஒரே வகை மனிதர்கள்தாம். மாறியது யார் எங்கே நிற்கிறார் என்பது மட்டுமே. இந்த எண்களைப் படித்தபிறகு அதே துணுக்கை மறுபடி ஓடவிடும்போது மாணவர்களின் பார்வை விசையை அழுத்துபவரின் முகத்தை விட்டு, வெள்ளை மேலங்கி அணியாமல் சாம்பல்நிற அங்கியில் அமைதியாக நிற்கும் ஆய்வாளரின் மீதும் அறையின் அமைப்பின் மீதும் செல்வதைக் கவனித்திருக்கிறேன். அந்தக் கணத்தில்தான் அதிகாரம் என்னும் கருத்தாக்கம் அவர்களுக்குப் பிடிபடுகிறது.

1971 ஆம் ஆண்டின் ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையைப் பொறுத்தவரை எச்சரிக்கை தேவை. மாணவர்களைக் காவலராகவும் கைதியாகவும் நடிக்கவைத்து, இரு வாரம் நடத்தத் திட்டமிட்டு ஆறு நாளில் நிறுத்தப்பட்ட அந்தச் சோதனை பற்றி இணையத்தில் எண்ணற்ற காணொளிகள் உள்ளன. காவலராக நடித்தவர்களிடம் கடுமையாக நடந்துகொள்ளும்படி தூண்டப்பட்டதைக் காட்டும் ஒலிப்பதிவுச் சான்றுகள் பிற்பாடு விரிவாக விவாதிக்கப்பட்டன. அந்தச் சோதனையின் முடிவுகள் கடுமையான கேள்விக்கு உள்ளாயின. பழைய காணொளிகளில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. பாடநூல் மறுபதிப்பில் திருத்தம் பெறும்; ஒருமுறை பதிவேற்றப்பட்ட காணொளி பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஆகவே பதிவேற்றிய ஆண்டைப் பார்க்காமல் எந்தக் காணொளியையும் நான் வகுப்புக்குக் கொண்டுசெல்வதில்லை.

காணொளி அறவே பயன்படாத இடமும் உண்டு. பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1897 இல் வெளியிட்ட தற்கொலை பற்றிய ஆய்வு, சமூக உண்மை என்பதை, அதாவது தனிமனிதருக்கு வெளியே நின்று அவரைக் கட்டுப்படுத்தும் சமூகப் போக்கை, கற்பிக்க இன்றியமையாதது. தனிமனிதரின் துயரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு சமூகத்தின் விகிதம் ஏன் ஆண்டுதோறும் ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, ஏன் இன்னொரு சமூகத்தின் விகிதத்திலிருந்து வேறுபடுகிறது என்று கேட்பதே அதன் மையம். இதை விளக்க வந்த காணொளிகளோ சோக இசையோடும் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரின் நிழலுருவத்தோடும் தொடங்குகின்றன. எதை ஒதுக்கச் சொன்னாரோ அதையே காட்சி முன்னிறுத்துகிறது. இந்தப் பாடத்திற்குத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அட்டவணையே போதும். 2022 இல் இந்தியாவின் விகிதம் இலட்சத்துக்கு 12.4, தமிழ்நாட்டின் விகிதம் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். இந்த இரண்டு எண்களை அருகருகே வைத்து, ஏன் என்று கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தால் போதும். உணர்வைத் தொடும் காட்சியைத் தவிர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அந்த இழப்பை வீட்டில் கண்ட மாணவர் வகுப்பில் இருக்கக்கூடும்.

சாதியைக் கற்பிக்கும்போது பல ஆசிரியர்கள் ஜேன் எலியட்டின் வகுப்பறைப் பயிற்சியைக் காட்டுகிறார்கள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், 1968 ஏப்ரலில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்து ரைஸ்வில் என்னும் சிற்றூரில், மூன்றாம் வகுப்புக் குழந்தைகளைக் கண்ணின் நிறத்தால் பிரித்து அவர் நடத்திய பயிற்சி அது. பிந்தைய ஆண்டொன்றில் அவர் மீண்டும் நடத்தியபோது படமாக்கப்பட்டது. நானும் காட்டுகிறேன். இழிவுபடுத்தப்படும் குழந்தையின் முகம் சில மணி நேரத்திலேயே வாடுவதைப் பார்த்து வகுப்பே அமைதியாகிறது. ஆனால் கண்ணின் நிறத்தால் வந்த தாழ்வு மறுநாள் இடம் மாறிவிடுகிறது. சாதி நிலத்தோடும் திருமணத்தோடும் தொழிலோடும் குடியிருப்போடும் பிணைந்து தலைமுறை தலைமுறையாக நிற்பது. பாகுபாட்டின் வலியைக் காட்டும் காணொளி, பாகுபாட்டின் கட்டுமானத்தைக் காட்டுவதில்லை.

ஆகவே அடுத்த வகுப்பில் புரொஜெக்டரை அணைத்துவிட்டு வரைபடத்துக்குச் செல்கிறோம். இந்தியச் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆராய்ந்து, அதற்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயரிட்டு 1965 இல் எழுதினார். அக்கிரகாரம், பிராமணரல்லாதார் தெருக்கள், சேரி என அந்த ஊர் பிரிந்து கிடப்பதை விளக்கிய அவர், முன்பு ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருந்த சாதியும் வர்க்கமும் அதிகாரமும் விலகத் தொடங்கியதையும் காட்டினார். அதைப் படித்தபின் மாணவர்கள் தத்தம் ஊரை வரைகிறார்கள். தண்ணீர்த் தொட்டி எங்கே, நியாயவிலைக் கடை எங்கே, பேருந்து எந்தத் தெருமுனையில் நிற்கிறது, சுடுகாட்டுக்குப் போகும் வழி எத்தனை. வரைந்து முடித்ததும் அவர்களே பேசத் தொடங்குகிறார்கள். சாதிப் பாடத்தில் இதற்கு ஈடான காணொளி எதையும் நான் இதுவரை கண்டதில்லை.

என் அனுபவத்தில் மிகச் சிறந்த பயனைத் தந்தவை, சமூகவியல் கற்பிக்க என்று எடுக்கப்படாத செய்திக் காணொளிகள். புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடிப் பகுதிகளிலும் பேராவூரணி வட்டாரத்திலும் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்து பற்றிய செய்தித் துணுக்குகளை ஒலியை முற்றிலும் நிறுத்திவிட்டுக் காட்டுகிறேன். பல குடும்பங்கள் சேர்ந்து அச்சிட்ட பதாகை, வரிசையாகப் பரிமாறப்படும் இலைகள், நோட்டோடு உட்கார்ந்து பெயரும் தொகையும் எழுதுவோர். யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார், நோட்டில் என்ன எழுதப்படுகிறது, எழுதாமல் வாங்கினால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்கிறேன். செய்தியாளரின் குரல் இல்லாததால் மாணவர்களே விளக்க வேண்டியிருக்கிறது. வாங்கிய மொய்யைக் கூட்டித் திருப்பிச் செய்யாதவரை ஊர் எப்படிப் பார்க்கும் என்பது அவர்களில் பலருக்கு வீட்டிலேயே தெரியும். அதன்பிறகு, கொடுக்கவும் பெறவும் திருப்பித் தரவும் மனிதர்கள் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று மார்செல் மோஸ் 1925 இல் எழுதியதைச் சொன்னால், பிரெஞ்சுக்காரர் ஒருவர் தங்கள் ஊர்ப் பழக்கத்துக்குக் கோட்பாடு தந்ததைப் போல அதை ஏற்றுக்கொள்கிறார்கள். இது வட்டியில்லாக் கடனா, உறவா, சேமிப்பா என்னும் விவாதம் மணி அடித்தபிறகும் தொடர்கிறது. வீட்டுத் திருமண வீடியோக்களும் இவ்வாறே பயன்படுகின்றன. மேடையில் தெரிபவர்களையும் சமையற்கூடத்தில் மட்டுமே தெரிபவர்களையும் பிரித்துப் பட்டியலிடச் சொன்னால், மனிதர்கள் பிறர் பார்க்கும் இடத்தில் ஒருவிதமாகவும் பார்க்காத இடத்தில் வேறுவிதமாகவும் நடந்துகொள்கிறார்கள் என்னும், சமூகவியலாளர் கோஃப்மனின் முன்மேடை, பின்மேடைக் கருத்துக்குத் தனி விளக்கமே தேவைப்படுவதில்லை.

நடைமுறையைப் பொறுத்தவரை, ஐந்து நிமிடத்துக்கு மேற்பட்ட துணுக்கு எதையும் நான் ஒரே மூச்சில் ஓடவிடுவதில்லை. கேள்வியை முதலில் எழுதிவிட்டுத்தான் காணொளியைத் தொடங்குகிறேன். இணைப்பு அறுந்தாலும் இடையில் விளம்பரம் வந்தாலும் கவனம் சிதறிவிடுமாதலால், தளம் அனுமதிக்கும் வழியில் முன்கூட்டியே பதிவிறக்கி வைப்பது அவசியம். நல்ல காணொளிகள் அறிவிப்பின்றி நீக்கப்படுவதும் உண்டு. எனவே ஒவ்வொன்றுக்கும் காட்சிக் குறிப்பு எழுதி வைத்துக்கொள்கிறேன். மாணவர்கள் தாங்களே படமெடுத்து வர விரும்பும்போது, பேருந்து நிலையத்திலோ மருத்துவமனையிலோ பிறர் முகத்தை அவர்கள் அனுமதியின்றிப் பதிவு செய்யக் கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். குறிப்பேட்டில் எழுதி வந்தாலே போதும்; கள ஆய்வின் முதல் நெறியும் அதுவே.

தமிழில் கிடைப்பவற்றின் நிலைதான் வருத்தம் தருகிறது. நான் தேடிப் பார்த்த தமிழ்ச் சமூகவியல் காணொளிகளில் பெரும்பாலானவை போட்டித் தேர்வுக்கான வரையறைகளைத் திரையில் வைத்து வாசிப்பவை. மனப்பாடத்துக்கு அவை உதவலாம். ஆனால் ஒரு வாரச்சந்தையில் விலை பேசப்படுவதையோ, நூறு நாள் வேலைத்திட்டக் களத்தில் பெண்கள் ஓய்வு நேரத்தில் கூடி உட்காரும் முறையையோ, கலந்துகொள்பவர்களின் ஒப்புதலோடு, பின்னணி இசையும் விளக்கக் குரலும் இல்லாமல் பத்து நிமிடம் பொறுமையாகப் பதிவு செய்த கற்பித்தல் காணொளி என் கண்ணில் படவில்லை. பல்கலைக்கழகத் துறைகளிடம் கருவிகளும் களப்பணி மாணவர்களும் இருக்கிறார்கள். அத்தகைய பதிவுகளை அவர்கள் எடுத்து எல்லோருக்கும் திறந்து வைத்தால், வெளிநாட்டுத் துணுக்குகளில் பாதியை என் பட்டியலிலிருந்து உடனே நீக்கிவிடுவேன்.