"விளையாடுது தம்பி" என்றார், நம்பினேன்: பச்சோந்தி வாங்கி ஏமாந்த கதை

பச்சோந்தி வாங்கப் போகிறீர்களா? பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன்னால் அதன் பின்காலைப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றுகூட அப்போது தெரியாது.

நான் வாங்கியது வெய்ல்டு கமீலியன் என்கிற வகை. ஏமனும் சவுதி அரேபியாவும் அதன் பூர்வீகம். தலையில் மகுடம் கவிழ்த்தது போல எலும்புக் கொண்டை இருக்கும். விற்றவர், "மூணு மாசக் குட்டி, ஆண். ஆண்தான் வளர்க்க லேசு. பொண்ணுன்னா முட்டை கிட்டைன்னு தொல்லை" என்றார். கூடவே ஒரு கண்ணாடித் தொட்டி, சூட்டுக்கு ஒரு விளக்கு, 'யூவி' என்று இன்னொரு விளக்கு, ராத்திரிக்குச் சிவப்பு விளக்கு, தண்ணீர்க் கிண்ணம் என்று எல்லாவற்றையும் என் தலையில் கட்டினார். குட்டிக்கு ராஜா என்று பெயர் வைத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாயே என்றார் அம்மா. சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

முதல் வாரமே ராஜாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. முன்கால்களைக் கண்ணாடியில் வைத்துப் பிராண்டும், வழுக்கி விழும், மறுபடி ஏறும். சில நேரம் உடம்பை இலை மாதிரித் தட்டையாக்கி, கருத்த பட்டைகளோடு கண்ணாடியைப் பார்த்து வாய் திறந்து சீறும். விற்றவருக்குப் போன் செய்தேன். "புது இடம் தம்பி, பழகிடும். விளையாடுது."

பச்சோந்தி விளையாடாது. இதை மட்டும் அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் போதும். நாளில் பெரும்பகுதியை ஏதாவது ஒரு கிளையில் உட்கார்ந்து, கண்களை ஆளுக்கொரு பக்கம் சுழற்றிக்கொண்டே கழிக்கிற பிராணி அது. ஓயாமல் நடக்கிறது என்றால் எதையோ தேடுகிறது, இல்லையென்றால் எதிலிருந்தோ தப்பப் பார்க்கிறது. ராஜா தப்பப் பார்த்தது தன் பிம்பத்திடமிருந்து. தனியாகவே வாழ்கிற இனம். கண்ணாடிக்குள் தெரிவது தான்தான் என்று அதற்குத் தெரியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிரில் ஒரு எதிரி நின்றால் யாருக்குத்தான் தூக்கம் வரும்?

தூக்கத்தையும் அந்தச் சிவப்பு விளக்கு கெடுத்துவிட்டது. ராத்திரியில் அதற்கு நல்ல இருட்டு வேண்டும், கொஞ்சம் குளிரவும் வேண்டும். சூட்டு விளக்கின் மேலும் சந்தேகப்பட்டு, பகலில் மேல்கிளையில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால், 30 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில் 39 காட்டியது. கிண்ணத்துத் தண்ணீரை அது சீண்டவே இல்லை. தேங்கி நிற்பதைப் பெரும்பாலும் தண்ணீர் என்றே கண்டுகொள்ளாதாம். இலையில் உருளும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். வலைக்கூண்டுக்கு மாற்றி, உள்ளே நிஜச் செடி வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். இரண்டே நாளில் அடங்கியது.

இதுவரை நடந்ததை அறியாமை என்று விட்டிருப்பேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ஆரம்பித்தது. இந்த முறை சீற்றம் இல்லை. மேலிருந்து இறங்கும், அடித்தட்டில் மூலை மூலையாகச் சுற்றும், ஏறும், திரும்ப இறங்கும். ஒரு மதியம் சரசரவென்று சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். இடுக்கி மாதிரியான அந்தச் சின்ன முன்கால்களால் செடித்தொட்டியின் ஓரத்து மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது. இரண்டு விரற்கடை ஆழத்தில் தொட்டியின் அடி தட்டியதும் நிறுத்தியது, அடுத்த ஓரத்துக்குப் போனது, அங்கேயும் தோண்டியது. மூக்கின் மேலெல்லாம் மண். தோல் கரும்பச்சையாகி, மஞ்சளும் நீலமுமாகப் புள்ளிகள் விழுந்திருந்தன. சாப்பாடு பாதியாகக் குறைந்துவிட்டது.

போட்டோ எடுத்து அனுப்பினேன். "வயசுக்கு வந்த ஆணுக்கு இந்தக் கலர்தான் அழகு. மண்ணுல விளையாடுது தம்பி, வயித்துப் பூச்சிக்கு மருந்து ஒரு சொட்டு குடுங்க" என்றார். மருந்தும் அவரிடமே இருந்தது. வாங்கினேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. கொடுப்பதற்குள் ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு மருத்துவர் கிடைத்தது ராஜாவின் அதிர்ஷ்டம்.

அவர் முதலில் திருப்பிப் பார்த்தது பின்காலைத்தான். இந்த வகையில் ஆணுக்குப் பின்பாதத்தில் குதிகால் இடத்தில் சின்ன முள் போல ஒரு புடைப்பு இருக்கும். முட்டையிலிருந்து வரும்போதே அதோடுதான் வரும், வளர்ந்த பிறகு முளைக்கிற சமாச்சாரம் இல்லை. ராஜாவுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. "இது பொண்ணு. சினையா இருக்கு" என்றார். எக்ஸ்ரேயில் வயிறு முழுக்க மங்கலாக, திராட்சைக் குலையை அமுக்கி வைத்தது போல முட்டைகள். வீட்டில் இது ஒற்றைப் பிராணி, ஆணைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லையே என்றேன். கோழி மாதிரிதான், சேராமலேயே கருவில்லாத முட்டை வைக்கும் என்றார். இறக்க இடம் கிடைக்காவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகும். மண்ணில் 'விளையாடியது' அதற்காகத்தான்.

அந்த 'யூவி' விளக்கையும் கொண்டுபோயிருந்தேன். மீட்டரை வைத்துப் பார்த்தார். நீலச் சாயம் பூசிய சாதாரண பல்ப். பச்சோந்திக்குத் தேவையான, வெயிலில் இருக்கிற யூவிபி என்கிற புற ஊதாக் கதிர் துளிகூட இல்லை. அது இல்லாமல் உடம்பு கால்சியத்தைச் சேர்க்காது; எலும்பு மெலியும், முட்டையைத் தள்ளத் தசையில் வலுவும் இருக்காது. முன்கால் ஒன்று லேசாக வளைய ஆரம்பித்திருப்பதைத் தொட்டுக் காட்டினார். இத்தனை நாள் தினமும் பார்த்த கால்தான் அது.

அன்றே ஒரு வாளியில் ஒரு அடி ஆழத்துக்கு ஈரமணல் நிரப்பினேன். விரலால் துளை போட்டால் இடியாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். கூண்டைச் சுற்றித் துணியால் மூடச் சொன்னார். தோண்டும்போது யாராவது பார்ப்பது தெரிந்தால் பாதியிலேயே விட்டுவிட்டு முட்டையை அடக்கிக்கொள்ளுமாம். ஒன்றரை நாள் எட்டிப் பார்க்காமல் இருந்தேன். மூன்றாம் நாள் காலை ராஜா கிளையில் ஒட்டிய வயிறோடு, சேறு பூசிய முகத்தோடு உட்கார்ந்து தண்ணீர்த் துளியை நக்கிக்கொண்டிருந்தது. குழி இருந்த சுவடே இல்லை, மணலை அப்படி மூடித் தட்டி வைத்திருந்தது. கிளறி எண்ணினேன், 43. பெயரை மட்டும் மாற்ற மனம் வரவில்லை.

இனி தீனியையும் வெயில் விளக்கின் சூட்டையும் கொஞ்சம் குறைக்க வேண்டுமாம், அப்போது அடுத்த ஈடு சிறியதாக இருக்கும். நிஜ யூவிபி குழல் விளக்கு போட்டாயிற்று. அதுவும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் தேய்ந்துவிடும், வெளிச்சம் வந்துகொண்டே இருக்கும், கதிர் இருக்காது. எனவே பழைய விளக்கை யாராவது சலுகை என்று கொடுத்தால் வாங்காதீர்கள். பகலில் கண்ணை மூடிக் கிடக்கிற குட்டியையும் வாங்காதீர்கள். காகிதம் கேளுங்கள், பெரும்பாலான பச்சோந்தி இனங்களின் சர்வதேச வணிகம் சைட்டிஸ் என்கிற, காட்டுயிர் வணிகத்துக்கான உலக நாடுகளின் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நான் கேட்கவே இல்லை.

விற்றவருக்கு ஒருமுறை போன் செய்தேன், ஆண் என்று விற்றது 43 முட்டை வைத்திருக்கிறது என்று சொல்ல. கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னார்: "அப்படியா? குட்டி பொரிச்சதும் சொல்லுங்க தம்பி, நல்ல விலைக்கு நானே எடுத்துக்கிறேன்."