வெள்ளி கொலுசு போட்டோ: மூணு பேர்கிட்ட காசு குடுத்து எடுத்த கதை

இது கேமரா ரிவ்யூ இல்ல, கேமரா புடிக்கிற ஆளுங்க ரிவ்யூ. யார் பேரும் போடல, ஏன்னா மூணு பேர்கிட்டயும் எனக்கு ஏதோ ஒரு குறை இருக்கு, ரெண்டு பேரு இன்னும் போன் பண்ணா எடுக்குற அளவுக்கு பழக்கம் இருக்கு, அத கெடுத்துக்க வேணாம்.

எங்க மாமனாருக்கு சேலம் செவ்வாய்ப்பேட்டை பக்கம் சின்ன கொலுசு பட்டறை. கடைக்காரங்களுக்கு மொத்தமா எடை போட்டு குடுக்குறது தான் காலங்காலமா பழக்கம். வெள்ளி கிலோ ஒரு லட்சத்த தாண்டுனதுக்கு அப்புறம் கடைக்காரங்க ஆர்டர குறைச்சிட்டாங்க, சும்மா உக்காந்திருக்கிறதுக்கு ஆன்லைன்ல சில்லறையா வித்துப் பாக்கலாமேன்னு நான் தான் ஆரம்பிச்சேன். மாமா சொன்னாரு, "அதுக்கென்னம்மா, போன்லயே எடுத்துப் போடு." எடுத்தேன். பெருசு பண்ணிப் பாத்தா கொலுசுல இருக்குற ஒவ்வொரு முத்துலயும் குட்டியா நான், நைட்டியோட, கையில போனோட, மேல ட்யூப் லைட்டு. நாப்பது முத்து, நாப்பது நான். அன்னைக்கு தான் ஆள் வச்சு எடுக்கணும்னு முடிவு பண்ணேன்.

முதல்ல போனது எங்க தெரு ஸ்டுடியோ அண்ணன்கிட்ட. பாஸ்போர்ட் சைஸ், லேமினேஷன், காதுகுத்து, வளைகாப்பு, கட்சி பேனர், யாராவது தவறிட்டா பழைய குரூப் போட்டோல இருந்து முகத்த மட்டும் வெட்டி எடுத்து ஃப்ரேம் போட்டு குடுக்குறது வரைக்கும் எல்லாம் அவரு தான். எங்க நிச்சயதார்த்தம் கூட அவர் எடுத்தது தான். "எல்லாம் போட்டோ தானேம்மா, கொண்டா"ன்னாரு. ஒரே மத்தியானத்துல நாப்பது டிசைன், மொத்தம் மூவாயிரம் ரூபா. சொன்ன நேரத்துக்கு வந்தாரு, சொன்ன நேரத்துக்கு குடுத்தாரு, அதுல குறை சொல்ல முடியாது.

ஆனா அவரு நகைக்கடை விளம்பரத்துல பாத்த மாதிரி சிவப்பு வெல்வெட் துணி மேல வச்சு ரெண்டு பக்கமும் குடை லைட் அடிச்சாரு. வெல்வெட் சிவப்பு மொத்தமும் வெள்ளில ஏறி, பாதி கொலுசு செம்பு மாதிரி தெரியுது. லைட் பட்ட இடம் வெறும் வெள்ளப் பொட்டு. சரி வெள்ள பேக்ரவுண்டு வேணும்ணான்னு சொன்னா கம்ப்யூட்டர்ல வெட்டி குடுத்தாரு, வெளி ஓரம் சுத்தமா இருக்கு, கண்ணிக்கு நடுவுல இருக்குற ஓட்டையில எல்லாம் சிவப்பு அப்படியே நிக்குது. ஒவ்வொரு கண்ணியா வெட்டணும்னா மூவாயிரத்துக்கு யாரு செய்வா, நானே கேக்கல.

ரெண்டாவது ஒரு கேண்டிட் போட்டோகிராஃபர் தம்பி. இன்ஸ்டால பாத்தா கல்யாண போட்டோ எல்லாம் கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கும். "அக்கா நான் ஸ்பெஷலிஸ்ட், மத்தவங்க மாதிரி எல்லாத்தையும் எடுக்க மாட்டேன்"ன்னு சொன்னதும் நான் விழுந்துட்டேன். ஒரு நாளைக்கு பதினஞ்சாயிரம். அம்மிக்கல்லு, வாழை இலை, மல்லிப்பூ, குத்துவிளக்கு எல்லாம் வச்சு சாயங்கால வெளிச்சத்துல எடுத்தாரு. அழகுன்னா அழகு, என் மாமியாரே "நம்ம பட்டறைல செஞ்சதாடி இது"ன்னு கேட்டாங்க.

விக்கல. ஏன்னு அப்ப புரியல, அப்புறம் தான் புரிஞ்சுது. அவருக்கு கை பழகுனது 85 எம்எம் லென்ஸ், எஃப் 1.8 (லென்ஸ் ஓட்டையோட அளவு, நம்பர் ஏற ஏற ஓட்டை சின்னதாகும், ஷார்ப்பா தெரியுற ஆழம் கூடும்), முகம் ஷார்ப்பா இருக்கணும் பின்னாடி எல்லாம் கரைஞ்சு போகணும். பொண்ணு முகத்துக்கு அது தான் சரி. கொலுசுல அதையே பண்ணா ஒரு முத்து ஷார்ப்பு, மீதி பத்தரை இஞ்சும் பனிமூட்டம். வாங்குறவங்க மெசேஜ்ல கேக்குறது "கொக்கி எப்படி இருக்கு", "முத்து எத்தன வரிசை", "கால்ல குத்துமா", இது ஒண்ணுக்கும் அந்த போட்டோல பதில் கிடையாது. இதுல விளக்கு வெளிச்சத்துல வெள்ளி பூரா மஞ்சளடிச்சு, மூணு பேரு கோல்டு கவரிங்கான்னு கேட்டாங்க, ஒருத்தங்க போட்டோல தங்க கலர்ல இருந்துச்சு வந்தது வெள்ளையா இருக்குன்னு திருப்பியே அனுப்பிட்டாங்க. வெள்ளி வெள்ளையா இருக்குன்னு திரும்பி வந்த பார்சல் ஊர்லயே எங்களுது மட்டும் தான் இருக்கும். இதெல்லாம் போக முகூர்த்த சீசன்ல மாட்டிக்கிட்டாரு, தீபாவளிக்கு கேட்ட போட்டோ கார்த்திகை தீபத்துக்கு வந்துச்சு.

அவரு பொய் சொல்லல, ஸ்பெஷலிஸ்ட் தான். கல்யாணத்துக்கு. நான் தான் எதுல ஸ்பெஷலிஸ்ட்னு கேக்காம விட்டுட்டேன். உண்மைய சொன்னா வேற துறை ஸ்பெஷலிஸ்ட விட ஸ்டுடியோ அண்ணனே மேல், அவராவது இது எனக்கு புதுசும்மான்னு ஒத்துக்கிட்டாரு.

மூணாவது தான் கோயம்புத்தூர்காரர். நகை மட்டும் தான் எடுப்பாரு, வேற எதுவும் தொட மாட்டாரு. தங்க நகை செய்யுற ஊரு, அதனால இப்படி ஒரு ஆளுக்கு அங்க பொழப்பு ஓடுது, சேலத்துல ஓடுமான்னு தெரியல. போன்ல அவரு விலையே சொல்லல, முதல்ல கேள்வி தான். எத்தன டச்சுங்க (வெள்ளி எவ்ளோ சுத்தம்னு கேக்குறது), பாலிஷ் போட்டு எத்தன நாள் ஆச்சுங்க, கருப்பு ஏத்துன மாடலா வெள்ள மாடலா, வெப்சைட்டுக்கா புக்குக்கா. அப்புறம் "ஜோடி கட்டுறதுக்கு ரப்பர் பேண்ட் போட்டிருக்கீங்களா"ன்னு கேட்டாரு. ஆமாங்கன்னேன். "உடனே கழட்டிருங்க, ரப்பர்ல கந்தகம் இருக்கு, பட்ட இடம் கருத்துரும், நூல்ல கட்டுங்க, வெறுங்கைல தொடாதீங்க, பேப்பர்ல சுத்தாதீங்க"ன்னாரு. போய் பாத்தா நிஜமாவே ரப்பர் இருந்த இடத்துல கோடு மாதிரி கருப்பு. மாமா பக்கத்துல நின்னு "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னாரு, எப்ப சொன்னாருன்னு எனக்கு ஞாபகம் இல்ல. பூந்திக்கொட்டை தண்ணில மறுபடி எல்லாத்தையும் அலசி எடுத்தோம்.

ரேட்டு ஃபைனல் படம் ஒண்ணுக்கு 450, அதுமேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஒரு டிசைனுக்கு நாலு படம், முழுசு, கொக்கி, முத்து கிட்டத்துல, அளவு தெரியுற மாதிரி ஒண்ணு. நாப்பது டிசைனுக்கு கணக்கு போட்டேன், 72 ஆயிரம், வரி தனி. மாமாகிட்ட சொல்லவே இல்ல. நல்லா ஓடுற பன்னெண்டு டிசைன் மட்டும் எடுத்தேன், 48 படம், 21,600, வரியோட 25,488. டெலிவரி சலான் (என்ன சரக்கு, யாருக்கு போகுதுன்னு எழுதுன சீட்டு) போட்டு நானும் வீட்டுக்காரரும் பஸ்ல கொண்டு போனோம். சலான் இல்லாம வெள்ளி எடுத்துட்டு போகாதீங்க, எலெக்‌ஷன் நேரமா இருந்தா பறக்கும் படை நிறுத்தி வாங்கி வச்சுக்குவாங்க, திரும்ப வாங்குறதுக்குள்ள உயிர் போயிரும்.

அங்க பாத்தது தான் எனக்கு பாடம். பாத்ரூம் சைஸ்ல ஒரு ரூம், சுவரு சீலிங் எல்லாம் கருப்பு பெயிண்ட், அவரு போட்டிருந்த சட்டையும் கருப்பு. எதுக்குங்கன்னு கேட்டேன். "வெள்ளி கண்ணாடிங்க. சுத்தி என்ன இருக்கோ அது தான் அதுல தெரியும், அதனால சுத்தி என்ன இருக்கணும்னு நாம முடிவு பண்ணணும்"ன்னாரு. என் நைட்டி கதைய சொன்னேன், சிரிச்சாரு. லைட்ட நேரா அடிக்கல, நடுவுல ட்ரேசிங் பேப்பர் தொங்குது, வெளிச்சம் பால் மாதிரி வருது. அதோட விட்டா கொலுசு அலுமினியம் மாதிரி சப்புன்னு இருக்குமாம், அதனால விரல் அகல கருப்பு அட்டைய துண்டு துண்டா வெட்டி ரெண்டு பக்கமும் நிறுத்தி வைக்குறாரு. அந்த கருப்பு கோடு ஒவ்வொரு முத்து ஓரத்துலயும் ஏறுனதும் பாருங்க, உருண்டையா எழும்பி நிக்குது. அட்டைய ஒரு இஞ்சு நகத்துனா வேற மாதிரி ஆகுது. ஒரு கொலுசுக்கு அட்டை நகத்துறதுலயே அரை மணி நேரம் போச்சு.

கேமரா ஒரு தண்டவாளம் மாதிரி ஒண்ணு மேல உக்காந்திருக்கு, 100 எம்எம் மேக்ரோ லென்ஸ், எஃப் 11. அவ்ளோ கிட்டத்துல எஃப் 11 வச்சாலும் சில மில்லிமீட்டர் தான் ஷார்ப்பா வருமாம், அதனால கொஞ்சம் கொஞ்சமா நகத்தி ஒரே கொலுச இருபது தடவ எடுத்து கம்ப்யூட்டர்ல ஒண்ணா சேக்குறாரு. எஃப் 22 வச்சு ஒரே தடவைல முடிச்சிரலாமேன்னு என் வீட்டுக்காரர் யூட்யூப் அறிவுல கேட்டாரு, அவ்ளோ சின்ன ஓட்டையில வெளிச்சம் வளைஞ்சு மொத்த படமே மொழுக்குன்னு ஆயிரும்னு அவர் எடுத்தே காட்டினாரு. இன்னொண்ணு, அந்த கேண்டிட் தம்பி பளபளப்ப குறைக்க ஒரு போலரைசர் ஃபில்டர மாட்டி மாட்டி திருப்பிட்டே இருந்தாரு, அது தண்ணி, கண்ணாடி மாதிரி பொருளுக்கு தான் வேலை செய்யுமாம், உலோகத்துல பட்டு வர்ற வெளிச்சத்த அது ஒண்ணும் பண்ணாதாம். கல்யாணத்துல அது தெரிஞ்சு ஆகப்போறது ஒண்ணும் இல்ல, அவர குத்தம் சொல்லல.

அமேசான் மாதிரி இடத்துல போடுறதுக்கு முதல் படம் பேக்ரவுண்டு சுத்த வெள்ளையா இருக்கணும், ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) நம்பர் மூணும் 255, பொருள் படத்துல 85 சதவீதம் அடைக்கணும், பெருசு பண்ணிப் பாக்கணும்னா நீளப் பக்கம் 1000 பிக்சலாவது வேணும். நான் இதெல்லாம் எழுதி வச்சுட்டு போனேன், பேப்பர வெளிய எடுக்கவே தேவைப்படல. ரெண்டு நாள் எடுத்துச்சு. படம் வந்ததுக்கு அப்புறம் "கொக்கி எப்படி இருக்கு" மெசேஜ் நின்னு போச்சு, கலர் வேறன்னு இதுவரைக்கும் ஒண்ணும் திரும்பி வரல.

இப்ப குறை. ஆள் மேல போட்டு எடுக்க மாட்டாரு. கால்ல போட்டு ஒரே ஒரு படம் எடுத்து குடுங்கன்னு கெஞ்சுனேன், "அது என் வேலை இல்லைங்க"ன்னு முடிச்சிட்டாரு. ஒரு சின்ன திருத்தம்னாலும் தனி சார்ஜ். எல்லாத்துக்கும் மேல எங்க புது மாடல் ஒண்ண நாங்க விக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அவரோட வேலைய காட்டுறதுக்கு இன்ஸ்டால போட்டுட்டாரு. எங்க ஏரியாவுல ஒரு டிசைன் வெளிய வந்தா அடுத்த வாரம் பத்து பட்டறைல அதே ஓடும். கேட்டா கொட்டேஷன் கீழ சின்ன எழுத்துல இருக்குங்கன்னாரு, இருந்துச்சு. காசு குடுத்து எடுக்க சொன்ன போட்டோவுக்கு, வேற ஒப்பந்தம் இல்லாத வரைக்கும், எடுக்க சொன்னவங்க தான் முதல் உரிமையாளர், 1957 காப்பிரைட் சட்டம் 17வது பிரிவுல இருக்கு. அந்த "வேற ஒப்பந்தம் இல்லாத வரைக்கும்" தான் சின்ன எழுத்துல இருக்கும், படிச்சுட்டு கையெழுத்து போடுங்க.

கால்ல போட்ட படத்துக்கு ஏஐ ஆப்புல போட்டுப் பாத்தேன். கால் அழகா வந்துச்சு, கொலுசுல முத்து எண்ணிக்கை மாறிப் போச்சு. விக்கிறது ஒண்ணு காட்டுறது ஒண்ணுன்னு ஆயிரும், விட்டுட்டேன்.

திரும்ப ஸ்டுடியோ அண்ணன் தான். பக்கத்து வீட்டு பொண்ணுக்கு கால காட்ட கூச்சம், அவ அம்மாவுக்கு அதுக்கு மேல. அண்ணன் அந்த பொண்ணு காதுகுத்துக்கு எடுத்தவரு, "அன்னைக்கு நீ அழுத அழுகைல என் கேமராவே நடுங்குச்சு"ன்னு ஏதோ சொல்லி சிரிக்க வச்சு, வாசப்படில கோலம் போட்டு பத்து நிமிஷத்துல முடிச்சிட்டாரு. அப்படியே பட்டறைக்குள்ள போனாரு. எங்ககிட்ட முப்பது வருஷமா பத்த வைக்கிற (நெருப்புல கண்ணிய ஒட்டுற) பெரியவர் ஒருத்தர் இருக்காரு, கேமராவ பாத்தா எழுந்து போயிருவாரு. அண்ணன் அவர்கிட்ட பேரன் படிப்ப பத்தி பேசிட்டே ஒரு தெர்மோகோல் ஷீட்ட ஜன்னல் பக்கம் சாச்சு வச்சு, அவரு ஊதுகுழல் ஊதி கன்னம் உப்புற நேரத்துல எடுத்துட்டாரு. எங்க பேஜ்ல அதிகமா பேரு ஷேர் பண்ணது அந்த படம் தான், 450 ரூபா படம் எதுவும் கிட்ட வரல. கோயம்புத்தூர்காரர் அந்த ரூமுக்குள்ள நுழைஞ்சிருந்தா பெரியவர் டீ குடிக்க போயிருப்பாரு.

கருப்பு அட்டை விஷயத்த அண்ணனுக்கு சொன்னேன். மறுநாளே கடைல கருப்பு சார்ட் பேப்பரும் ட்ரேசிங் பேப்பரும் வாங்கிட்டு வந்து பண்ணிப் பாத்தாரு, பரவால்ல, முதல் தடவைய விட நூறு மடங்கு மேல். நீங்களும் நகை மட்டும் எடுக்கலாமேண்ணான்னேன். "நம்ம ஊர்ல போட்டோக்கு காசு குடுக்குற பட்டறை எத்தனம்மா இருக்கு, நீ ஒருத்தி. காதுகுத்து வாரா வாரம் இருக்கு"ன்னாரு. அதுவும் நியாயம் தான். கோயம்புத்தூர்காரரே கல்யாணம் எடுத்துட்டு இருந்து மாறுனவரு, 2020 ஊரடங்குல கல்யாணக்காரங்க கைய பெசஞ்சப்ப கடை எல்லாம் ஆன்லைன்ல போக இவருக்கு வேலை குமிஞ்சுதாம். இப்ப விலை ஏறி கடைக்காரங்க புது டிசைன் போடுறத குறைச்சதும் டேபிள் சும்மா கெடக்குதுன்னு அவரே சொன்னாரு.

தை மாசத்துக்கு பதினாலு மாடல் ரெடி ஆகுது. எட்டு கோயம்புத்தூர் போகுது, கொட்டேஷன்ல அந்த சின்ன எழுத்த அடிச்சுட்டு தான் கையெழுத்து. மீதி ஆறும், கால் படமும், பட்டறை படமும் அண்ணனுக்கு, இந்த தடவ மூவாயிரம் இல்ல ஆறாயிரம், நானே ஏத்தி சொன்னேன். ஜோடி எல்லாம் நூல்ல கட்டி வச்சாச்சு, ரப்பர் பேண்ட் டப்பாவ மாமாவே தூக்கி வெளிய போட்டுட்டாரு.