ஒற்றைப் படிகமா, தூளா? எக்ஸ் கதிரில் அணு அமைப்பைக் காண எது சரி?

அமைப்பு தெரியாத புதுச் சேர்மம் என்றால் ஒற்றைப் படிகம்தான் முதல் தேர்வு. நல்ல படிகம் வளர இரண்டு வாரம் கூடுதலாக ஆனாலும் காத்திருக்கலாம். சுழலும் படிகத்திலிருந்து வரும் ஒவ்வொரு எதிரொளிப்பும் (அணுத் தளங்களில் பட்டுத் திரும்பும் கதிர்) முப்பரிமாணத்தில் தனிப்புள்ளியாக நிற்கும். தூளிலோ எல்லாமே சிதறல் கோணம் என்ற ஒரே அச்சில் நசுங்கிவிடும். தள இடைவெளி (அடுத்தடுத்த அணுத் தளங்களுக்கு இடையிலான தூரம்) ஒன்றாக இருக்கும் எதிரொளிப்புகள் வரைபடத்தின் ஒரே முகட்டுக்குள் புதைந்தால், எதன் செறிவு எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

ஒற்றைப் படிகத்துக்கு 0.1 முதல் 0.3 மி.மீ. அளவு போதும். முனைவாக்க நுண்ணோக்கியில் சுழற்றும்போது படிகம் முழுவதும் ஒரே நேரத்தில் இருள வேண்டும். ஒரு பகுதி மட்டும் ஒளிர்ந்தால் அது ஒட்டுப் படிகம், ஒதுக்கிவிடுங்கள். (கனசதுரப் படிகங்கள் எப்போதும் இருண்டே இருக்கும், அவற்றுக்கு இந்தச் சோதனை உதவாது.) கரைப்பான் மூலக்கூறுகள் உள்ள படிகம் காற்றில் சில நிமிடங்களிலேயே மங்கி நொறுங்கலாம். படிகம் வளர்ந்த தாய்க்கரைசலிலிருந்து நேராக எண்ணெய்த் துளிக்கு மாற்றி, வளையத்தில் ஏந்தி, 100 கெல்வின் நைட்ரஜன் ஓட்டத்தில் வையுங்கள். கன அணுக்கள் இருந்தால் உட்கவர்தல் குறைவான மாலிப்டினம் கதிர் (0.711 ஆங்ஸ்ட்ராம்), லேசான அணுக்கள் மட்டுமே கொண்ட சேர்மத்தின் இடம்புரி வலம்புரியை (கண்ணாடிப் பிம்ப வடிவங்கள் இரண்டில் எது என்பதை) அறியத் தாமிரக் கதிர் (1.542). நல்ல தரவில் ஆர்-மதிப்பு (கணித்த அமைப்பு அளந்த தரவிலிருந்து விலகும் அளவு) 5 சதவீதத்துக்குள் வரும். 15-க்குக் கீழே இறங்க மறுத்தால் இரட்டைப் படிகமா (இரு திசைகளில் பிணைந்து வளர்ந்ததா), இடக்குழு (படிகத்தின் சமச்சீர் வகை) தவறா என்று பாருங்கள்.

தூள் முறையில் பிழைகள் பெரும்பாலும் மாதிரியை நிரப்பும்போதே நுழைகின்றன. துகள் 10 மைக்ரானுக்குள் இருக்கட்டும். ஓங்கி அரைத்தாலோ முகடுகள் அகலும். தட்டையான துகள்கள் படுத்துக்கொண்டால் சில முகடுகள் பொய்யாக ஓங்கும். சுழலும் நுண்குழாயில் அளந்தால் இது வெகுவாகக் குறையும். 150 மி.மீ. ஆரமுள்ள கருவியில் மாதிரிப் பரப்பு 0.1 மி.மீ. ஏறி இறங்கினாலே சிறுகோண முகடுகள் சுமார் 0.08 பாகை நகரும். இரும்பு மாதிரியில் தாமிரக் கதிர் ஒளிர்வைக் கிளப்பிப் பின்னணியை உயர்த்தும். கோபால்ட் கதிர் நல்லது. படிகவியலாளர் ரீட்வெல்ட் 1969-இல் தந்த, தூள் வரைபடம் முழுவதையும் பொருத்தும் முறை ஓர் அமைப்பைச் செம்மையாக்குவது; தொடக்க மாதிரியமைப்பை நீங்கள்தான் தர வேண்டும்.

ஆனாலும் தூளை விட முடியாது. ஒற்றைப் படிகம் காட்டுவது ஒரே ஒரு மணியை. குடுவையில் மற்றதெல்லாம் வேறு வடிவமாக இருக்கலாம். அதைத் தூள்தான் சொல்லும். ஒற்றைப் படிக அமைப்பிலிருந்து கணித்த முகடுகளைத் தூளின் முகடுகளோடு ஒப்பிட வேண்டும். அப்போது பலர் சறுக்குவது வெப்பநிலையில். 100 கெல்வினில் கண்ட அமைப்பிலிருந்து கணித்த முகடுகள், அறை வெப்பநிலைத் தூளின் முகடுகளைவிடப் பொதுவாகப் பெரிய கோணத்தில் விழும், அதுவும் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில். அலகுக்கூடு (படிகம் முழுதும் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் சிறு பெட்டி) குளிரில் சுருங்கியதுதான் காரணம், கலப்படம் அல்ல. அலகுக்கூட்டின் அளவுகளைத் தூள் தரவுக்குப் பொருத்தித் திருத்திய பிறகு ஒப்பிடுங்கள். அப்போதும் பொருந்தாமல் எஞ்சும் முகடுகளே இரண்டாவது கட்டத்தை (கலந்திருக்கும் வேறொரு படிக வடிவத்தை அல்லது பொருளை) காட்டுபவை.