அதிக பவர் உள்ளவர்கள் கவனத்துக்கு: ‘முகத்துக்குப் பொருத்தமான ஃப்ரேம்’ என்று சொல்லி என் தங்கையை ஏமாற்றிய கடை

கோவையில் பெயர் பெற்ற ஒரு கண்ணாடிக் கடை, பதின்மூன்றாயிரம் ரூபாய்க்கும் மேல் வாங்கிக்கொண்டு, அணியவே முடியாத ஒரு கண்ணாடியை என் தங்கைக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறது. மைனஸ் ஐந்துக்கு மேல் பவர் உள்ளவர்களும், அப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோரும் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள்.

அவளுக்கு வலக்கண் மைனஸ் 6.50, இடக்கண் மைனஸ் 7. பள்ளிக்காலம் முழுவதும் ‘சோடாபுட்டி’ என்ற கேலியைக் கேட்டு வளர்ந்தவள். முகத்துக்கு எடுப்பான ஃப்ரேம் தேர்ந்தெடுத்துத் தருகிறோம் என்று ஒரு கடை விளம்பரம் செய்தால் அவளுக்கு ஆசை வராதா? கடையில் டேப்லெட்டை வைத்து அவள் முகத்தைப் படம் எடுத்தார்கள். “உங்களுடையது வட்ட முகம் மேடம், அகலமான சதுர ஃப்ரேம்தான் எடுப்பாக இருக்கும்” என்றார் விற்பனையாளர். ஃப்ரேம் 4,800 ரூபாய். ‘1.67 ஹை இண்டெக்ஸ், மெல்லியதாக வரும்’ என்று சொல்லி லென்ஸுக்கு 7,600. (இண்டெக்ஸ் என்பது லென்ஸ் பொருள் ஒளியை வளைக்கும் அளவு; எண் கூடினால் அதே பவருக்கு லென்ஸ் மெல்லியதாகும்.) நீல ஒளியைத் தடுக்கும் என்று சொல்லும் ‘ப்ளூ கட்’ பூச்சுக்குத் தனியாக 900.

மைனஸ் ஏழு உள்ள கண்ணுக்கு வெறுங்கண்ணால் சுமார் 14 செ.மீ. தூரம் வரைதான் தெளிவாகத் தெரியும். ஃப்ரேமைப் போட்டுப் பார்க்க வேண்டுமானால் பழைய கண்ணாடியைக் கழற்றியாக வேண்டும். கழற்றிவிட்டு நிலைக்கண்ணாடி முன் நின்றால் தன் முகமே மங்கலாகத்தான் தெரியும். அந்த நிலையில் எதிரே நிற்பவர் “சூப்பராக இருக்கிறது மேடம்” என்று சொல்வதை நம்புவதைத் தவிர அவளுக்கு வேறு என்ன வழி? இந்த இயலாமையை வைத்துத்தான் வியாபாரம் செய்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

இன்னொன்று. கடையில் ஃப்ரேமில் மாட்டியிருப்பது பவர் இல்லாத வெறும் பிளாஸ்டிக் தகடு. அதில் அழகாகத் தெரிந்த முகம், உண்மையான மைனஸ் லென்ஸ் ஏறியதும் மாறிவிடும். கண் சிறுத்துத் தெரியும், லென்ஸின் ஓரத்தில் கன்னத்தின் கோடு உள்வாங்கித் தெரியும். ஃப்ரேம் பெரிதாக ஆக இது கூடும். இதை அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை.

கண்ணாடி வந்தது. காதுப்பக்க ஓரம் ஏறக்குறைய 8 மி.மீ. தடிமன். கனம் தாங்காமல் மூக்கிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. மாலையானால் தலைவலி, சில நேரம் எழுத்து இரண்டாகத் தெரிந்தது. கடைக்குப் போனால் ஒரே பதில்: “புதுக் கண்ணாடி, பழகிவிடும்.” புதுக் கண்ணாடி பழகச் சில நாள் ஆகும் என்பது உண்மைதான். அந்த உண்மைக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டார்கள்.

கண் பார்வையைச் சோதித்துப் பவர் அளக்கும் நிபுணரான, தெரிந்த ஆப்டோமெட்ரிஸ்ட் ஒருவரிடம் அழைத்துப் போனேன். அவர் லென்ஸை அளக்கும் கருவியான லென்சோமீட்டரில் வைத்து, லென்ஸ்களின் ஒளிமையத்தில், அதாவது கண்மணிக்கு நேரே வர வேண்டிய இடத்தில், புள்ளி வைத்து அளந்தார். அவளுடைய இரண்டு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரம், அதாவது பி.டி., 58 மி.மீ. லென்ஸ்களின் மையங்களோ 66 மி.மீ. இடைவெளியில் இருந்தன. ஒவ்வொரு கண்ணுக்கும் 4 மி.மீ. பிசகு. குறைந்த பவரில் இது பெரிதாகத் தெரியாமல் போகலாம். மைனஸ் ஏழில் இரண்டு கண்களும் நாள் முழுவதும் வெளிப்பக்கமாக இழுபட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ஏன் இப்படி ஆனது என்பதையும் அவரே விளக்கினார். ஃப்ரேமின் காதுக் கம்பியின் உட்புறம் பாருங்கள், மூன்று எண்கள் இருக்கும்; அவளுடையதில் 56-18-145. முதல் எண் ஒரு லென்ஸின் அகலம், இரண்டாவது மூக்குப் பாலத்தின் அகலம், மூன்றாவது கம்பியின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். முதல் இரண்டையும் கூட்டினால் 74; ஃப்ரேமின் இரண்டு பக்க நடுப்புள்ளிகளுக்கும் இடையே உள்ள தூரம் அது. அவளுடைய பி.டி. 58. அப்படியானால் ஒவ்வொரு லென்ஸின் மையத்தையும் 8 மி.மீ. மூக்குப் பக்கம் தள்ளி வெட்ட வேண்டும். 70 மி.மீ. விட்டமுள்ள சாதாரண லென்ஸில் அவ்வளவு தள்ள இடமே கிடையாது. கிடைத்த வரைக்கும் வெட்டி மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். பவருக்கும் பி.டி.க்கும் இந்த ஃப்ரேம் ஆகாது என்பது வெட்டியவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும்.

லென்ஸ் வந்த உறையைக் கேட்டோம். முதலில் ‘தூக்கிப் போட்டுவிட்டோம்’ என்றார்கள். நான் நகராமல் நின்ற பிறகு எடுத்துக் கொடுத்தார்கள். உறையில் அச்சடித்திருந்தது 1.56, விட்டம் 70. பில்லில் 1.67! ப்ளூ கட் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: கடையில் நீல லேசரை அடித்துக் காட்டி வியக்கவைப்பார்கள். ஆனால் மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 17 சோதனைகளை ஆராய்ந்தது. கணினி பார்ப்பதால் வரும் கண் களைப்பை இந்த லென்ஸ்கள் குறைப்பதாக அதில் தெரியவில்லை.

இப்போது அவள் அணிவது 47-19 அளவுள்ள, மூலை உருண்ட சிறிய ஃப்ரேம். 1.67 லென்ஸ், ஓரம் 5 மி.மீ. அளவுதான். கருவிழி லென்ஸின் நடுவை ஒட்டி வருகிறது, சிரித்தால் கன்னத்தில் இடிக்கவில்லை, மூக்குத் தாங்கிகளை வளைத்துப் பொருத்த முடிகிறது. வட்ட முகத்துக்கு வட்ட ஃப்ரேம் கூடாது என்று சொன்னவர்கள் வந்து பார்க்கட்டும், அவ்வளவு பொருத்தம். அதிக பவர் உள்ளவர்கள் ஃப்ரேம் வாங்கப் போகும்போது நம்பிக்கையான ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு ஃப்ரேமையும் போட்டுச் செல்பேசியில் படம் எடுத்து, பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பாருங்கள். மருத்துவமனைச் சீட்டில் பி.டி. பல நேரங்களில் இருக்காது, கேட்டு எழுதி வாங்குங்கள். லென்ஸின் பெயரும் இண்டெக்ஸும் பில்லில் இருக்க வேண்டும், உறை உங்கள் கைக்கு வர வேண்டும்.

பில்லின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று இருந்ததைக் காட்டி மிரட்டினார்கள். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 முறையற்ற வணிக நடவடிக்கை என்கிறது; பில்லில் கெடு குறிக்கவில்லை என்றால் 30 நாள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தோம். அதன் பிறகு லென்ஸ் பணமும் பூச்சுப் பணமும் திரும்ப வந்தன. ஃப்ரேம் பணத்தைத் தர மறுக்கிறார்கள். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை. பில், உறை, ஆப்டோமெட்ரிஸ்ட் எழுதிக் கொடுத்த அளவுகள் எல்லாம் எங்களிடம் இருக்கின்றன, மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.