பழைய மால்ட் டின்னில் கசப்பான ஸ்ட்ராங் பீர்: இரண்டு டின்னா, ஒரு டின்னும் பொடியுமா?

தேதி தாண்டிய மால்ட் எக்ஸ்ட்ராக்ட் டின் (முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த கெட்டிப் பாகு, கசப்பும் ஏற்கெனவே சேர்த்தது) இரண்டு அலமாரியில் கிடந்தால், வீட்டில் பீர் போடுகிற யாருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான். இரண்டையும் ஒன்றாகக் கொட்டு, தண்ணீரைக் குறை, ஸ்ட்ராங்காகவும் கசப்பாகவும் ஒரு பீர் தயார். இன்னொரு வழியும் இருக்கிறது. பழையதில் ஒரு டின் மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இனிப்புக்குப் புது உலர் மால்ட் பொடி, மீதிக் கசப்புக்குப் புது ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) என்று போவது. நான் கடைசியாகப் போட்டது இந்த இரண்டாவது வழியில். ஆகவே நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

ஒரு டின்னோடு இரண்டு கிலோ சர்க்கரையைக் கொட்டும் மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. ஆல்கஹால் ஏறும், ஆனால் நாக்கில் நிற்க ஒன்றும் இருக்காது. அதை இத்தோடு விட்டுவிடலாம்.

சுலபமான விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். இரண்டு டின் முறையில் வேலை குறைவு: சுடுதண்ணீரில் கரை, குளிர்ந்த தண்ணீர் ஊற்று, ஈஸ்ட் போடு, மூடு. புதிதாக வாங்க வேண்டியது ஈஸ்ட் மட்டும்தான். பொடி முறையில் ஹாப்ஸை ஒரு மணி நேரம் கொதிக்க வைக்க வேண்டும், பெரிய பாத்திரம் வேண்டும், செலவும் கூடுதல். இந்த மூன்றிலும் இரண்டு டின்தான் ஜெயிக்கிறது.

காகிதக் கணக்கிலும் அது மோசமில்லை. 1.7 கிலோ டின் இரண்டை 15 லிட்டராக்கினால் ஆரம்ப அடர்த்தி (வெறும் தண்ணீர் 1.000; சர்க்கரை கரையக் கரைய ஏறும், நொதிக்க நொதிக்க இறங்கும்) 1.068 பக்கம் வரும். நொதித்து 1.016-ல் நின்றால் ஆல்கஹால் ஏழு சதவீதத்தை ஒட்டும். ஒரு டின், இரண்டு கிலோ பொடி, 300 கிராம் சர்க்கரை என்று 20 லிட்டர் போட்டாலும் அதே 1.068 தான். கசப்பும் அப்படியே. 23 லிட்டரில் 25 ஐபியூ (பீரின் கசப்பை அளக்கும் அலகு) தருகிற டின் என்று வைத்துக்கொண்டால், இரண்டு டின் 15 லிட்டரில் 77 ஐபியூவைத் தொட வேண்டும். ஸ்ட்ராங் பீருக்கு அது தாராளம்.

ஆனால் அந்தக் கணக்கு புது டின்னுக்கானது. நம் கையில் இருப்பது பழசு. என்னைப் பொறுத்தவரை மொத்த வழக்கும் இங்கேதான் தீர்ப்பாகிறது.

மால்ட் பாகில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். மூடிய டின்னுக்குள்ளும் அது சும்மா இருப்பதில்லை. பாகில் உள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் மெல்ல மெல்லச் சேர்ந்து கறுத்துக்கொண்டே போகும். ரொட்டியின் மேல்தோல் சிவக்கிற அதே மேய்லார்ட் வினைதான். வெப்பம் கூடினால் வேகமும் கூடும். அதனால் குளிர்ந்த இடத்தில் மூன்று வருஷம் இருந்த டின், வெக்கையான அறையில் ஒரு வருஷம் இருந்த டின்னைவிட நன்றாக இருக்கலாம். மூடியில் அச்சடித்த தேதியைவிட, டின் எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி. பொடியில் ஈரம் மிகக் குறைவு. பை கிழியாமல் காற்றுப் புகாமல் இருந்தால் அது இவ்வளவு சீக்கிரம் கெடாது.

கறுப்பது நிறத்தோடு நிற்பதில்லை. பழைய டின்னைத் திறந்து ஒரு ஸ்பூன் பாகை வெள்ளைக் கோப்பையில் எடுத்து, சுடுதண்ணீர் ஊற்றிக் கலக்கிப் பாருங்கள். பக்கத்திலேயே அதே அளவு புதுப் பொடியைக் கரைத்து வையுங்கள். புதுசு வைக்கோல் நிறத்தில் பார்லி வாசனையோடு இருக்கும். பழசு செம்பழுப்பில், ஸ்பூன் போன பாதையில் கறுப்புக் கோடு விட்டுக்கொண்டு கரையும். வாயில் வைத்தால் முதலில் இனிப்பு, அப்புறம் அதிமதுரம் மாதிரி ஒன்று, கடைசியில் பேனா மையை நக்கியது போல ஒரு காறல். அந்தக் காறல் எவ்வளவு நேரம் நாக்கில் நிற்கிறது என்று கவனியுங்கள். சட்டென்று போய்விட்டால் டின்னைத் தைரியமாகப் பயன்படுத்தலாம். தண்ணீர் குடித்த பிறகும் இருந்தால், பீரிலும் இருக்கும்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுவோம். டின் உறையில் சொன்னபடி 23 லிட்டர் சாதா பீர் போட்டால், லிட்டருக்கு 74 கிராம் பாகு. என் முறையில் ஒரு டின் 20 லிட்டருக்கு என்றால் 85 கிராம். இரண்டு டின்னை 15 லிட்டரில் போட்டால் லிட்டருக்கு 227 கிராம், அதாவது மூன்று மடங்கு. காறலும் மூன்று மடங்கு என்று கறாராகச் சொல்ல முடியாது, நாக்கு தராசு இல்லை. ஆனால் எந்தப் பக்கம் சாயும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தண்ணீரைக் குறைத்தால் ஆல்கஹாலும் கசப்பும் மட்டும் அடர்த்தியாவதில்லை, டின்னின் வயசும் சேர்ந்தே அடர்த்தியாகிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு, பலரும் கவனிக்காதது. கறுக்கும் வினை தின்றுவிடுகிற அமினோ அமிலங்கள்தான் ஈஸ்டுக்கும் சாப்பாடு. ஸ்ட்ராங் பீரில் ஈஸ்டுக்கு வேலை அதிகம். பழைய பாகில் சத்து குறைவு. முழுக்கப் பழைய பாகில் போட்ட பீர் 1.025 பக்கம் வந்து சோம்பிப் படுத்துக்கொள்கிறது என்ற புலம்பலுக்கு இது ஒரு காரணம். அங்கே நின்றுவிட்டால் கசப்பு எவ்வளவு இருந்தாலும் பீர் தித்திக்கும், கசப்பு எடுபடாது. என் கலவையில் பழைய டின்னிலிருந்து வருவது மொத்த இனிப்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். மீதிக்குச் சத்துள்ள புது மால்ட். அந்த 300 கிராம் சர்க்கரை முழுசாக நொதித்து, தித்திப்பு மிஞ்சாமல் பீரை வறட்சியாக்கும். அதற்கு மேல் சர்க்கரை சேர்ப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை.

கசப்பிலும் இதே கதைதான். டின்னில் இருக்கும் ஹாப்ஸ் கசப்பு, பாக்டரியிலேயே காய்ச்சி இறக்கிய கசப்பு. வாசனை அளவுக்குச் சீக்கிரம் போகாது என்றாலும் வருஷக் கணக்கில் அது குறையும். எவ்வளவு மிச்சம் என்று வீட்டில் அளக்க வழியில்லை. இரண்டு டின்னில் வரும் 77 என்பது வெறும் ஊகம். புது ஹாப்ஸில் ஊகம் குறைவு: கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம் 12 சதவீதம் உள்ள சினூக் மாதிரி ஒரு ஹாப்ஸ் வகையை 30 கிராம் எடுத்து ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தால், 20 லிட்டரில் ஏறக்குறைய 40 ஐபியூ கிடைக்கும். டின் தருவதெல்லாம் அதற்கு மேல் வரவு.

கொதிக்க வைப்பதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, பழைய பாகைக் கொதிக்கவே விடாதீர்கள், ஏற்கெனவே கறுத்தது இன்னும் கறுக்கும். ஒரு கிலோ பொடியை மட்டும் 10 லிட்டர் தண்ணீரில் கரைத்து அதில் ஹாப்ஸைக் கொதிக்க விட்டு, அடுப்பை அணைத்த பிறகு டின் பாகு, மீதிப் பொடி, சர்க்கரை எல்லாம் சேருங்கள். இரண்டு, பாத்திரம் சின்னதென்று மூன்று லிட்டரில் முடித்துவிடப் பார்க்காதீர்கள். கொஞ்சத் தண்ணீரில் ஓரளவுக்கு மேல் கசப்பு கரையாது, ஹாப்ஸ்தான் வீண்.

மூடிக்குக் கீழே ஒட்டியிருக்கும் ஈஸ்ட் பொட்டலத்தைப் பற்றி ஒரே வரி: இரண்டு முறையிலும் அதை நம்பாதீர்கள். நான் அதைக் கொதிக்கிற பாத்திரத்திலேயே போட்டுவிடுவேன், செத்த ஈஸ்ட் உயிருள்ள ஈஸ்டுக்குச் சத்து. அடர்த்தி 1.068 என்றால் 11 கிராம் புது உலர் ஈஸ்ட் பொட்டலம் ஒன்று திணறும், இரண்டு போடுவதே நிம்மதி. நாட்டிங்ஹாம் என்ற ஈஸ்ட் வகை எனக்குப் பிடிக்கும், வறட்சியாக முடிக்கும். வெப்பம் 18 முதல் 20 டிகிரிக்குள் இருக்கட்டும். நுரை மூடியைத் தள்ளும், மூடியிலிருந்து குழாய் ஒன்றை எடுத்து வெளியே ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் விட்டு வையுங்கள்.

என் அனுபவத்தின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். நான் திறந்ததெல்லாம் தேதிக்கு மேல் சில வருஷம் தாண்டிய டின்கள். பத்து வருஷ டின் என்றால் என் பேச்சு செல்லாது, கோப்பைச் சோதனைதான் பேச வேண்டும். இந்த பீரை ஒரு வருஷத்துக்கு மேல் பாட்டிலில் வைத்துப் பார்த்ததும் இல்லை. வயசானால் காறல் மழுங்கும் என்கிறார்கள். வைத்த வரையில் மழுங்கியது ஹாப்ஸ் கசப்புதான், காறல் அசையவில்லை. உப்பிய டின், ஓரத்தில் கசிந்த டின் என்றால் எந்த முறையும் வேண்டாம், குப்பைக்குத்தான்.

இரண்டு டின் முறை சரியாக வரும் இடமும் உண்டு. டின்கள் ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் வகையாக இருந்து, கோப்பைச் சோதனையில் காறல் லேசாக இருந்தால், தயங்காமல் இரண்டையும் போடலாம். வறுத்த பார்லியின் கருகல் கசப்புக்குள் பழைய பாகின் நிறமும் அதிமதுர வாடையும் அடங்கிவிடும். அப்போதும் 15 லிட்டருக்குப் பதில் 18 லிட்டராக்கி, குறைகிற அடர்த்தியை அரைக் கிலோ பொடியால் ஈடுகட்டுவேன். வெளிர் நிற லாகர் டின்னாக இருந்தால் அந்தச் சலுகை கிடையாது. அதில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

பாட்டிலில் அடைக்க அவசரம் வேண்டாம். அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் அதே எண்ணில் நின்ற பிறகு, பாட்டிலில் நுரை பிடிக்க லிட்டருக்கு ஐந்து கிராம் சர்க்கரை போதும். பழைய பாகு போட்ட பீர் நின்றுவிட்டது மாதிரி நடித்துவிட்டுப் பாட்டிலுக்குள் மறுபடி ஆரம்பித்தால் கண்ணாடி வெடிக்கும். 1.020-க்கு மேல் நின்றால், தொட்டியை மெல்லச் சுழற்றிக் கலக்கி இரண்டு டிகிரி சூடு கூட்டி இன்னும் ஒரு வாரம் விடுங்கள்.