கூலிங் ஷீட்காரர் கையில் இருக்கும் அந்தத் துப்பாக்கியை நம்பாதீர்கள்

திருச்சியில் எங்கள் வீட்டுப் படுக்கையறை மேல்தளத்தில். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட், ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் அதைக் கீழே கக்கும். ஃபேன் போட்டால் அனல்தான் இறங்கும். ஒன்றரை டன் ஏசி விடிய விடிய ஓடி, போன கோடையில் இரண்டு மாத பில் 780 யூனிட். 500ஐத் தாண்டினால் ரேட்டே மாறிவிடும் என்பது பில் கட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

அந்த எரிச்சலில் இருந்தபோதுதான் ஒருவர் வந்தார். மொட்டை மாடியில் ஒட்டும் ஷீட். அடியில் தார், மேலே பளபளவென்று அலுமினியம். "ரூம்ல பத்து டிகிரி குறையும் சார், கரண்ட் பில் பாதி" என்றார். நான் நம்பாமல் பார்த்ததும் பையிலிருந்து துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானியை எடுத்தார். மதியம் ஒரு மணி. தட்டோட்டின் மேல் பிடித்தார்: 59. கொண்டுவந்த துண்டு ஷீட்டை அரை மணி நேரம் வெயிலில் போட்டுவிட்டு அதன் மேல் பிடித்தார்: 34. இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்? நான் விழுந்துவிட்டேன்.

650 சதுர அடி, அடிக்கு 85 ரூபாய். ஜிஎஸ்டி பில் வேண்டுமென்றால் 18 சதவீதம் கூடுதல் என்றார். வேண்டாம் என்று ரொக்கமாகக் கொடுத்தேன். அது என் முட்டாள்தனம், வேறு யார் மேலும் பழி போட முடியாது.

கேஸ் டார்ச்சால் சூடுகாட்டி ஒரே நாளில் ஒட்டிவிட்டுப் போனார்கள். அறையில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. "செட் ஆகணும் சார்" என்றார். அடுத்த பில் 752 யூனிட். அப்புறம் ஃபோனே எடுப்பதில்லை.

தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கும் என் மச்சினன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். கதையைக் கேட்டுவிட்டு, "மாமா, அவர் துப்பாக்கியால பிடிச்சாரே, நீங்க கையால தொட்டுப் பாத்தீங்களா?" என்றான். தொடவில்லை. மதியம் மாடிக்குப் போய்த் தொட்டேன்; வெடுக்கென்று கையை எடுத்துவிட்டேன். அவன் கொண்டுவந்த, அதே மாதிரித் துப்பாக்கி வெப்பமானி அதே இடத்தில் 37 காட்டியது! பிறகு வெளிர்நிற மாஸ்கிங் டேப் ஒரு துண்டை ஷீட்டில் அழுத்தி ஒட்டி, பத்து நிமிடம் கழித்து டேப்பின் மேல் பிடித்தான். 56.

விஷயம் இதுதான். அந்தக் கருவி சூட்டைத் தொட்டு அளப்பதில்லை. பரப்பு வெளியே விடும் வெப்பக்கதிரை வைத்துக் கணக்குப் போடுகிறது. பளபளப்பான உலோகம் எவ்வளவு சுட்டாலும் கதிரைக் கொஞ்சமாகத்தான் விடும். அதனால் கருவி ஏமாந்து, குளிர்ச்சி என்று காட்டும். டேப் கதிரைத் தாராளமாக விடும், அதனால்தான் அதன் மேல் பிடித்தபோது உண்மைச் சூடு தெரிந்தது. வெயிலை அலுமினியம் ஓரளவு திருப்பி அனுப்பும், சரி. ஆனால் வாங்கிக்கொண்ட சூட்டை வானத்துக்கு விட்டுவிடுவதில் மகா கஞ்சன். தூசி படிந்துவிட்டால் அந்தத் திருப்பி அனுப்பும் வேலையும் குறைந்துபோகும். நல்ல வெள்ளைப் பூச்சு இரண்டையும் செய்யும். மழைநீர் கசியாமல் இருக்க இந்த ஷீட்டை ஒட்டுகிறார்கள், அதற்கு அது நல்ல சரக்குதான். என்னிடம் விற்றது அதைச் சொல்லி அல்ல.

பத்து வருட வாரன்ட்டி கார்டை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். ஷீட் உரிந்தாலோ தண்ணீர் கசிந்தாலோ பொறுப்பு என்று இருக்கிறது. வெப்பம் என்ற சொல்லே அதில் இல்லை.

கூல் ரூஃப் பூச்சு என்று யார் வந்தாலும் எஸ்ஆர்ஐ (சோலார் ரிஃப்ளெக்டன்ஸ் இண்டெக்ஸ்) எவ்வளவு என்று கேளுங்கள். கறுப்புப் பரப்புக்கு 0, வெள்ளைக்கு 100 என்று வைத்து, வெயிலைத் திருப்பி அனுப்புவது, வாங்கிய சூட்டை வெளியே விடுவது என்ற இரண்டு குணத்தையும் சேர்த்துச் சொல்லும் எண் அது. வாயால் சொன்னால் போதாது, பரிசோதனை அறிக்கையில் காட்ட வேண்டும். வெள்ளையாக இருப்பதெல்லாம் கூல் பெயின்ட் இல்லை. ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும் என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். வேலை முடிந்ததும் காலி டப்பாக்களை எண்ணுங்கள், தண்ணீர் கலந்து இழுத்தார்களா என்பது தெரிந்துவிடும். கையில் காசு குறைவென்றால் இரண்டு கோட் சுண்ணாம்பு அடியுங்கள், மழையில் கரைந்தால் அடுத்த வருடம் திரும்ப அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். பில் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள். இதற்கிடையில் ஷீட்டை உரித்து, தார் பிசுக்கைச் சுரண்டி எடுக்க எங்கள் தெருக் கொத்தனார் 14,000 ரூபாய் கேட்கிறார். வெள்ளைப் பூச்சு அதற்குப் பிறகுதான்.