45 வயதில் ரிட்டயர் ஆக: நிஃப்டியா, எமர்ஜிங் மார்க்கெட்ஸா, அமெரிக்காவா?

பழைய மகாபலிபுரம் சாலையில் ஐடி வேலை பார்ப்பவர்களிடம் 45 வயதில் வேலையை விடும் பேச்சு வந்தால், கூடவே ஒரு யோசனையும் வரும்: “எமர்ஜிங் மார்க்கெட்ஸ் ஃபண்டில் கொஞ்சம் போட்டு வை.” இந்தியா, சீனா போன்ற வளரும் நாடுகளின் பங்குகளை வாங்கும் ஃபண்ட் அது. இது அமெரிக்காவில் இருப்பவருக்குப் பொருந்தும் யோசனை. அவருடைய சம்பளம், வீடு, சேமிப்பு எல்லாம் டாலரில் இருக்கும். நமக்கோ சம்பளம் ரூபாய், பிஎஃப் ரூபாய், மேடவாக்கத்து ஃப்ளாட் ரூபாய், நிஃப்டி ஃபண்டும் ரூபாய். வளரும் சந்தை ஒன்றுக்குள்தான் நம் மொத்த வாழ்க்கையும் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் இந்த ஃபண்டை நிஃப்டியோடும், அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளை வாங்கும் எஸ் அண்ட் பி 500 ஃபண்டோடும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

முதலில் அதற்குள் என்ன இருக்கிறது? இந்த ஃபண்டுகள் பல பின்பற்றுவது எம்எஸ்சிஐ என்ற நிறுவனத்தின் குறியீட்டை. அதில் சீனா, தைவான், இந்தியா, தென்கொரியா ஆகிய நான்கும் சேர்ந்தே முக்கால் பங்கு அளவுக்கு வரும். ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகும்போது போர்டில் பார்க்கிற சாம்சங், ஹூண்டாய், ஃபாக்ஸ்கானின் தாய் நிறுவனமான ஹான் ஹாய் எல்லாம் அதில் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே தைவானின் சிப் தயாரிப்பு நிறுவனம் டிஎஸ்எம்சி. சிப் தயாரிப்பில் அந்த அளவு நிறுவனம் நிஃப்டியில் ஒன்றுகூட இல்லை. இந்த ஃபண்டின் உண்மையான பலம் இதுதான். ஆனால் இந்தியப் பங்குகளும் அதில் கணிசமாக இருப்பதால், நிஃப்டியில் ஏற்கெனவே வைத்திருப்பதையே மறுபடி வாங்குகிறோம். வெளிநாட்டுக் கணக்கு வழியாக வாங்குபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். குறியீடு தயாரிக்கும் இன்னொரு நிறுவனமான எஃப்டிஎஸ்இ-யின் பார்வையில் தென்கொரியா வளர்ந்த சந்தை. அந்தக் குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டில் சாம்சங்கும் ஹூண்டாயும் இருக்காது.

சீக்கிரம் ரிட்டயர் ஆகிறவருக்கு லாபத்தைவிட முக்கியம், முதல் சில வருடங்களில் சந்தை எப்படி நடந்துகொள்கிறது என்பது. 2008-ஐ எடுத்துக்கொள்வோம். வருட ஆரம்பத்தில் மூன்றிலும் தலா 10 லட்சம் போட்டிருந்தால், டிசம்பர் முடிவில் நிஃப்டியில் சுமார் 4.8 லட்சம் மிஞ்சியிருக்கும். எமர்ஜிங் மார்க்கெட்ஸ் டாலரில் 53% விழுந்தது. டாலர் 39 ரூபாயிலிருந்து 48-ஐத் தாண்டிப் போனதால் ரூபாய்க் கணக்கில் கிட்டத்தட்ட 5.8 லட்சம். எஸ் அண்ட் பி 500 டாலரில் 37% விழுந்தும், அதே ரூபாய்ச் சரிவால் ஏறக்குறைய 7.8 லட்சம் கையில் இருந்திருக்கும். அடுத்த வருடம் நிஃப்டியும் எமர்ஜிங் மார்க்கெட்ஸும் இரண்டுமே 75 சதவீதத்துக்கு மேல் எகிறின. விழுந்ததும் சேர்ந்துதான், எழுந்ததும் சேர்ந்துதான். ஸ்கூல் ஃபீஸுக்கும் மளிகைக்கும் 2008 டிசம்பரில் யூனிட் விற்றிருந்தால், விற்ற யூனிட்டுக்கு அந்த ஏற்றம் கிடைத்திருக்காது. அந்த நேரத்தில் விற்கத் தோதாக இருந்தது அமெரிக்க ஃபண்ட் மட்டும்தான்.

காத்திருப்பும் நீளம். எம்எஸ்சிஐ எமர்ஜிங் மார்க்கெட்ஸ் குறியீடு 2007 அக்டோபரில் தொட்ட உச்சத்தை டாலர் கணக்கில் மறுபடி தாண்டியது 2021 தொடக்கத்தில். 2007 முடிவில் 20,000 சொச்சத்தில் இருந்த சென்செக்ஸ் 2020 முடிவில் 47,000-ஐத் தாண்டியிருந்தது. மாதாமாதம் எடுத்துச் சாப்பிடும் பணத்தை அப்படிப் பதிமூன்று வருடம் காத்திருக்க வைக்க முடியாது.

சரி, மறுபக்கமும் உண்டு. 2000 முதல் 2009 வரை எஸ் அண்ட் பி 500-இல் போட்டவருக்கு டிவிடெண்டைச் சேர்த்தும் டாலரில் ஒன்றும் தேறவில்லை. அதே பத்தாண்டில் எமர்ஜிங் மார்க்கெட்ஸ் நன்றாக ஓடியது. 2025-லும் அது அமெரிக்காவையும் நிஃப்டியையும் முந்தியது. அமெரிக்கா எப்போதும் காப்பாற்றும் என்று நான் சொல்லவில்லை.

வரியில் நிஃப்டி ஃபண்டுக்கே சாதகம். ஒரு வருடம் தாண்டினால் 12.5%, அதிலும் வருடத்துக்கு 1.25 லட்சம் லாபத்துக்கு வரியே இல்லை. வெளிநாட்டு ஃபண்டுக்கு இரண்டு வருடம் காத்திருந்தால்தான் அந்த 12.5%. இந்த விலக்கும் கிடையாது. சம்பளம் இல்லாத கணவன் மனைவிக்கு இந்த விலக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து 2.5 லட்சம், சின்னத் தொகை இல்லை. போதாக்குறைக்கு, மொத்த மியூச்சுவல் ஃபண்ட் துறைக்கும் வெளிநாட்டு முதலீட்டுக்கு 700 கோடி டாலர் என்று உச்சவரம்பு இருக்கிறது. அது நிரம்பியதால் 2022 தொடக்கத்தில் பல ஃபண்டுகள் புதுப்பணம் வாங்குவதையே நிறுத்தின.

என் கணக்கு இப்படி. பங்குச் சந்தைப் பணத்தில் முக்கால் பங்கு நிஃப்டி மாதிரியான உள்ளூர் இண்டெக்ஸில் இருக்கட்டும். வெளிநாட்டுக்கு ஒதுக்குவதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கு. எமர்ஜிங் மார்க்கெட்ஸ் வேண்டும் என்றால், ரிட்டயர் ஆக இன்னும் பத்து வருடமாவது இருப்பவர் மட்டும் ஐந்து சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். வேலையை விட்டு முதல் ஐந்து வருடத்தில் இருப்பவர் அந்த ஐந்து சதவீதத்தையும் எஃப்டியில் போட்டு, மூன்று வருடச் செலவுக்கான பணத்தை முதலில் நிரப்பிக்கொள்வது நல்லது.